இரண்டாயிரம் வயது ஆச்சி

"தம்பி, எங்கட சங்கத்தில சங்க காலத்து ஆக்களும் இருக்கினம் போல."

செயலாளர் ஐயா இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த அச்சுப் பிரதியை ஒரு விரலால் என் பக்கம் தள்ளினார், அவ்வளவுதான். எழுபது வயது தாண்டிய அங்கத்தவர்களின் பட்டியல் அது. பொங்கலுக்கு அவர்களுக்கு ஆளுக்கு 5,000 ரூபாவும் ஒரு வாழ்த்துக் கடிதமும் கொடுப்பதாக நிர்வாக சபை தீர்மானித்திருந்தது. வயது கூடியவர் மேலே வரவேண்டும் என்று ஐயா கேட்டார், நானும் அப்படியே வரிசைப்படுத்தினேன். முதல் 49 பேருக்கும் ஒரே வயது: 2023.

அது 2024 டிசம்பர். வெளியே மாரி மழை. கூரைத் தகரத்தில் விழும் சத்தத்தில் ஐயா இன்னொரு தடவை ஏதோ சொன்னார், கேட்கவில்லை. கேட்காததும் நல்லதுதான்.

நான் கொக்குவிலில் வீட்டு மாடியில் ஓர் அறையில் இருந்து மென்பொருள் எழுதுகிறவன். கடைகளுக்குப் பில் போடும் புரோகிராம், தனியார் கல்வி நிலையங்களுக்கு வரவுப் பதிவு, இப்படிச் சின்னச் சின்ன வேலைகள். இந்தக் கடனுதவு கூட்டுறவுச் சங்கம் என் பழைய வாடிக்கையாளர். சங்கத்தின் பெயர் வேண்டாம், தவறு அவர்களுடையதும் அல்ல. அவர்களிடம் 1970களில் இருந்து பேரேடுகள் இருந்தன. கட்டிப் பரணில் வைத்ததில் சில கறையானுக்குப் போய்விட்டன, சில இடப்பெயர்வில் போய்விட்டன. மிஞ்சியதைக் கணினியில் ஏற்றினார்கள். இரண்டு பிள்ளைகள் ஐந்து மாதம் இருந்து தட்டச்சு செய்தார்கள். தரவுத்தளம் மைஎஸ்கியூஎல் (MySQL), அதன் மேல் நான் சி ஷார்ப் (C#) என்ற நிரல்மொழியில் எழுதிய புரோகிராம்.

பிறந்த திகதி தெரியாத இடங்களில் அந்தப் பிள்ளைகள் ஒன்றும் போடவில்லை. அது சரியான வேலை. தரவுத்தளத்தில் அந்தக் கட்டங்கள் நல் (null) ஆக, அதாவது பெறுமதி ஒன்றும் பதியாதவையாக, நின்றன. வாசிக்கும்போது அதை ஒன்றாம் ஆண்டு ஜனவரி முதலாம் திகதி ஆக்கியது நான்.

எப்படி என்று சொல்கிறேன். புரோகிராமை முதல் முதலில் ஓட்டிக் காட்டிய நாளிலேயே அது விழுந்தது. தரவுத்தளத்தின் விடையை வாசித்துத் தரும் ரீடரில் இருந்து ஒரு திகதியை எடுக்கும் இடத்தில், தரவு நல் ஆக இருக்கிறது, நல் பெறுமதிமேல் இதை அழைக்க முடியாது என்று ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி. பக்கத்தில் நின்ற கணக்குப் பிள்ளை அக்காவுக்கு அதைத் தமிழில் வாசித்துக் காட்டினேன். "தரவு நல்லாய் இருந்தா பிறகென்ன பிரச்சினை?" என்றார். நல்வரவு, நல்வாழ்த்து என்று பழகிய மொழியில் இந்தச் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதினால் இப்படித்தான் ஆகும்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? எந்தக் கட்டம், ஏன் வெறுமையாக இருக்கிறது என்று கேட்டிருக்க வேண்டும். அன்று நேரம் பின்னேரம் நாலு மணி, ஐயா தேத்தண்ணி வரவழைத்துவிட்டுக் காத்திருந்தார். நான் ஒரு சின்னத் துணைச் சார்பு எழுதினேன். வந்த பெறுமதி நல் அல்லது டிபிநல் (தரவுத்தளத்தின் வெறுமை) என்றால் அந்த வகையின் இயல்பான பெறுமதியைத் திருப்பிக் கொடு, இல்லாவிட்டால் உள்ளதைக் கொடு. இரண்டே வரி. எண் என்றால் பூச்சியம் வரும். உண்மை பொய் வகை என்றால் பொய் வரும். திகதியை வைக்கும் சி ஷார்ப்பின் டேட்டைம் வகைக்கு இயல்பான பெறுமதி ஒன்றாம் ஆண்டு ஜனவரி 1, நள்ளிரவு. அந்தச் சார்பை எல்லா இடத்திலும் போட்டேன். புரோகிராம் அதற்குப் பிறகு ஒருநாளும் விழவில்லை. எனக்கு அதில் பெருமை வேறு.

விழுந்திருந்தால் நல்லது என்பது இப்போது விளங்குகிறது. விழுகிற புரோகிராமைப் பார்த்து யாராவது தொலைபேசி எடுப்பார்கள். பிழையான எண்ணை அழகாக அச்சடித்துக் கொடுக்கிற புரோகிராமுக்கு ஒருவரும் எடுக்கமாட்டார்கள். வயது 2023 என்று வந்ததால் ஐயா பிடித்தார். அதே சார்பு கடன் மிச்சத்தில் பூச்சியம் என்று எழுதியிருந்தால் யார் பிடித்திருப்பார்கள்? அங்கத்தவரா வந்து, எனக்குக் கடன் இருக்கிறது, நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று சொல்வார்?

அன்றிரவு வீட்டுக்கு வந்து அந்தச் சார்பு எத்தனை இடத்தில் இருக்கிறது என்று தேடினேன். 112 இடம். அம்மா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் களைத்துப் போனார்.

சி ஷார்ப்பில் இது குழப்பமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. அங்கே இரண்டு வெறுமைகள் இருக்கின்றன. மொழியின் சொந்த நல் ஒன்று, தரவுத்தளத்தில் இருந்து வரும் டிபிநல் என்ற பொருள் மற்றது. இரண்டும் ஒன்றல்ல. ஒரேயொரு பெறுமதியை மட்டும் கேட்கும் எக்ஸிகியூட்ஸ்கேலர் என்று ஒரு செயல் உண்டு. ஓர் அங்கத்தவரின் பிறந்த திகதியை அதால் கேட்டால், அப்படி ஒரு வரிசையே அட்டவணையில் இல்லை என்றால் மொழியின் நல் வரும். வரிசை இருக்கிறது, கட்டம் வெறுமை என்றால் டிபிநல் வரும். எங்கள் ஒழுங்கையில் இந்த இரண்டையும் நேரிலேயே பார்க்கலாம். ஒரு வளவில் வீடு நிற்கும், பூட்டுப் போட்டிருக்கும், ஆட்கள் கனடாவில். அடுத்த வளவில் வீடே இல்லை, அத்திவாரமும் வடலியும்தான். கடிதம் கொண்டுபோகிறவருக்கு இரண்டிலும் கடிதம் வாங்க ஆள் இல்லை. ஆனால் இரண்டையும் ஒன்று என்று சொன்னால் ஊரில் யாரும் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்.

நான் முதலில் இந்த வேறுபாட்டையும் விட்டுவிட்டிருந்தேன். இல்லாத அங்கத்தவர் இலக்கத்தைத் தட்டினாலும் 2023 வயது என்றுதான் என் புரோகிராம் சொன்னது. இல்லாத ஆளுக்கும் வயது சொல்லும் சோதிடர்.

ஸ்காபரோவில் இருக்கும் மச்சானுக்கு இந்த 2023 கதையை வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவன் அங்கே ஜாவாவில் வேலை செய்கிறான். "உங்கட ஆள் ஆகக் குறைஞ்சது விழுந்து காட்டுதெல்லோ, எங்கட ஆள் சிரிச்சுக்கொண்டு பொய் சொல்லும்" என்று குரல் பதிவு அனுப்பினான். தரவுத்தளத்தின் விடையை வைத்திருக்கும் ஜாவாவின் ரிசல்ட்செட்டில் கெட்இன்ட் என்று ஓர் எண்ணைக் கேட்டால், கட்டத்தில் நல் இருந்தாலும் அது பூச்சியத்தைத்தான் கையில் தரும். ஜாவாவின் சாதாரண இன்ட் வகைக்குள் வெறுமையை வைக்க இடமில்லை, அதனால் வந்த ஏற்பாடு இது. உண்மைப் பூச்சியமா பொய்ப் பூச்சியமா என்று அறிய, வாசித்த உடனேயே வாஸ்நல் என்று இன்னொரு கேள்வி கேட்கவேண்டும். இடையில் வேறொரு கட்டத்தை வாசித்துவிட்டால் பதில் அந்தக் கட்டத்துக்கானதாக மாறிவிடும். சாமான் வாங்கி வீட்டுக்கு வந்து பையைத் திறந்து பார்த்துவிட்டு, திரும்பக் கடைக்கு ஓடி "அண்ணை, நீங்கள் உண்மையிலேயே சீனி போட்டனீங்களோ?" என்று கேட்கிற மாதிரி. கேட்பதற்குள் அண்ணை அடுத்த ஆளுக்கு நிறுக்கத் தொடங்கிவிடுவார்.

கெட்ஒப்ஜெக்ட் என்று கேட்டு, இன்ட் என்ற மூல வகைக்குப் பதிலாக இன்டீஜர் என்ற வகுப்பாக வாங்கினால் நல், நல் ஆகவே வரும் என்றும் சொன்னான். பிறகு அதை மறந்துபோய் ஓர் இன்ட் மாறிக்குள் ஊற்றினால் அங்கே விழும். கோ (Go) என்ற நிரல்மொழி இந்த விடயத்தில் கறார். வாசித்துச் சாதாரண ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) மாறியில் போடச் சொன்னால், நல்லை இதற்குள் மாற்ற முடியாது என்று பிழையைத் திருப்பிவிடும். வேண்டுமென்றால் நல்ஸ்ட்ரிங் என்ற வகையை வைத்துக்கொள், அதில் பெறுமதியும் இருக்கும், அது செல்லுமா என்று சொல்லும் வேலிட் என்ற கொடியும் இருக்கும். எழுத எரிச்சலாகத்தான் இருக்கும். அந்த எரிச்சல் எனக்கு அந்த நாலு மணிக்கு வந்திருக்கலாம்.

டோனி ஹோர் என்ற பிரித்தானியக் கணினியறிஞர் 1965இல் அல்கோல் டபிள்யூ மொழிக்கு நல் சுட்டியைச் சேர்த்தார். செய்வது சுலபமாக இருந்தது, அதனால் செய்துவிட்டேன் என்று 2009இல் லண்டன் மாநாடு ஒன்றில் சொல்லி, அதைத் தன்னுடைய நூறு கோடி டொலர் தவறு என்றார். எனக்கு அவரில் ஒரு பாசம் வந்துவிட்டது. நானும் சுலபமாக இருந்ததால் செய்தவன்தானே. ஆனால் அவருடைய நல் வேறு, தரவுத்தளத்தின் நல் வேறு. அவருடையது எதையும் சுட்டாத விரல். தரவுத்தளத்தினுடையது தெரியாது என்ற பதில். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்ததால்தான் பாதிக் குழப்பம் என்பது என் எண்ணம்.

அந்தத் 'தெரியாது' எவ்வளவு தூரம் போகும் என்பதை ஐயாவின் இன்னொரு கேள்வியில் கண்டேன். சங்கத்தில் கடன் எடுக்க இரண்டு பிணையாளர் வேண்டும். இதுவரை ஒருவருக்கும் பிணை நிற்காத அங்கத்தவர்களின் பெயர் வேண்டும் என்று கேட்டார், அவர்களிடம் கேட்டுப் பார்க்கலாம் என்று. கடன் அட்டவணையில் உள்ள பிணையாளர் இலக்கங்களில் இல்லாதவர்கள் யார் என்று நொட் இன் (NOT IN) போட்டு எழுதினேன். ஒரு நிமிட வேலை. பதில்: ஒருவரும் இல்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட அங்கத்தவர்களில் எல்லோரும் பிணை நின்றிருக்கிறார்கள்! ஐயா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்கே ஒருத்தரும் நிக்கேல்லை" என்றார்.

காரணம், நகைமேல் கொடுத்த ஒரு கடன். அதற்குப் பிணையாளர் தேவையில்லை, கட்டம் நல். இப்போது 12ஆம் இலக்க அங்கத்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். பிணையாளர் பட்டியல் 5, 9, நல். பன்னிரண்டு ஐந்து அல்ல, சரி. ஒன்பதும் அல்ல, சரி. நல் அல்லவா? தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல் (SQL) சொல்லும்: தெரியாது, அந்தத் தெரியாத ஆள் பன்னிரண்டாகவும் இருக்கலாம். மற்ற இரண்டும் சரி என்றாலும் மூன்றாவது தெரியாது என்றால் முழுப் பதிலும் தெரியாது. உண்மை என்று உறுதியானதை மட்டும்தான் வெயர் (WHERE) நிபந்தனை உள்ளே விடும். அப்படி ஒவ்வொரு அங்கத்தவராக வாசலில் நின்று திரும்பிப் போனார்கள். உண்மை, பொய், தெரியாது என்று எஸ்கியூஎல்லுக்கு மூன்று விடைகள். எங்களுக்குப் பள்ளிக்கூடத்தில் சரி, பிழை என்று இரண்டைத்தான் பழக்கினார்கள். பொருந்தும் வரிசை இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் நொட் எக்ஸிஸ்ட்ஸ் (NOT EXISTS) என்று மாற்றி எழுதியதும் 600 சொச்சம் பெயர் வந்தது.

சராசரியிலும் இதே சண்டை, மறுபக்கமாக. ஒரு கிளைக் குழுவில் எட்டுப் பேர். ஐந்து பேரின் மாதச் சேமிப்பு பதிவாகியிருக்கிறது, கூட்டினால் 40,000 ரூபா. மூன்று பேருடையது இன்னும் பதியவில்லை. தரவுத்தளத்திடமே சராசரி கேட்டால் அது நல்லைக் கணக்கில் எடுக்காமல் ஐந்தால் பிரித்து 8,000 என்னும். என் புரோகிராம் நல்லைப் பூச்சியமாக்கி எட்டால் பிரித்து 5,000 என்றது. இரண்டு அறிக்கையும் ஒரே கூட்டத்தில் ஒரே மேசையில் வைக்கப்பட்டன. அதைப் பற்றி மேலும் எழுத விருப்பமில்லை.

பெயரிலும் வந்தது. மைஎஸ்கியூஎல்லில் கொன்கட் கொண்டு முதலெழுத்தையும் பெயரையும் ஒட்டினால், இரண்டில் ஒன்று நல் என்றாலும் ஒட்டியது முழுவதும் நல். எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று இல்லை, தகப்பன் பெயரின் முதலெழுத்துத்தான். அந்த எழுத்துப் பதிவாகாதவர்களுடைய கடித உறையில் 'திரு / திருமதி' மட்டும் நின்றது. நல்லைத் தாண்டிப் போகிற கொன்கட் டபிள்யூஎஸ் போட்டதும் சரியாகிவிட்டது.

அந்த 49 பேருக்கு வருகிறேன்.

அடுத்த கிழமை நானும் கணக்குப் பிள்ளை அக்காவும் பேரேடுகளை இறக்கி வைத்துக்கொண்டு இருந்தோம். தூசு. அக்கா வாயில் கைக்குட்டை கட்டிக்கொண்டார். ஒவ்வொரு பெயராகப் பார்த்தோம்.

இருபத்தொரு பேருக்குப் பிறந்த திகதிதான் இல்லை, அடையாள அட்டை இலக்கம் இருந்தது. இது தெரிந்த வித்தை. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம், அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டியிருக்கும். 2016இல் இருந்து வரும் பன்னிரண்டு இலக்க அட்டையில் வருடம் நாலு இலக்கமாக இருக்கும். ஒரு கவனம் வேண்டும்: லீப் வருடமோ இல்லையோ பெப்ரவரிக்கு 29 நாள் என்று வைத்துத்தான் அந்த நாள் எண்ணப்படுகிறது. அதை மறந்தால் லீப் அல்லாத வருடங்களில் மார்ச் முதலாம் திகதியில் இருந்து பிறந்த எல்லோரும் ஒரு நாள் பிந்திப் பிறந்துவிடுவார்கள். நான் மறந்தேன். அக்காவின் மாமியாரின் பிறந்தநாளை வைத்து அக்கா கண்டுபிடித்தார்.

ஒன்பது பேர் ஆட்களே அல்ல. ஒரு வாசிகசாலை, இரண்டு விளையாட்டுக் கழகம், ஒரு கோயில் திருப்பணிச் சபை, இப்படி. சேமிப்புக் கணக்கு வைத்திருந்ததால் நான் அவர்களையும் அங்கத்தவர் அட்டவணைக்குள்ளேயே போட்டிருந்தேன். வாசிகசாலைக்கு என்ன பிறந்த திகதி? 2023 வயது வாசிகசாலை என்றால் உலகத்திலேயே பழையது எங்கள் ஊரில்தான்.

மீதிப் பேரில் பலருக்குப் பேரேட்டிலும் கட்டம் வெறுமை. சிலர் 1995 இடப்பெயர்வில் பத்திரங்களைத் தொலைத்தவர்கள் என்று ஓரத்தில் குறிப்பு இருந்தது. சிலரிடம் அன்றைய எழுத்தர் கேட்கவேயில்லை போலும்.

ஆனால் மூன்று பேருக்குப் பேரேடு வெறுமையாக இல்லை. அதில் ஒரு வரி இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. நீல மையில், சரிந்த அழகான கையெழுத்தில், பிறந்த திகதி என்ற கட்டத்துக்குள்: 'தாரண வருடம், ஆவணி.' ஆச்சிக்கு அன்று தெரிந்ததைச் சொல்லியிருக்கிறார், எழுத்தர் சொன்னதை எழுதியிருக்கிறார். தாரண வருடம் என்றால் 1944. ஆவணி என்றால் ஆகஸ்ட் நடுவில் இருந்து செப்டெம்பர் நடுவரை. நாள் தெரியாது. தட்டச்சு செய்த பிள்ளை என்ன செய்யும்? நான் கொடுத்த கட்டம் முழுத் திகதியைத்தான் ஏற்கும். வருடமும் மாதமும் மட்டும் தெரிந்த மனிதருக்கு அதில் இடம் இல்லை. பிள்ளை வெறுமையாக விட்டது. பேரேட்டுக்குத் தெரிந்திருந்ததைத் தரவுத்தளத்துக்குத் தெரியாமல் ஆக்கியதும் நான்தான்.

நாளைப் பூச்சியமாக வைத்து ஒரு திகதியைச் சேமிக்க மைஎஸ்கியூஎல் சில அமைப்புகளில் விடும். ஆனால் வாசிக்கிற பக்கத்தில் அப்படி ஒரு நாளை எந்த டேட்டைமும் ஏற்காது. அந்த வழியில் போய் இன்னொரு இரவைக் கெடுத்துக்கொள்ள நான் தயாராக இல்லை.

தரவை அட்டவணைகளாக வைக்கும் உறவுமுறைத் தரவுத்தளம் என்ற எண்ணத்தை 1970இல் எழுதிய எட்கர் கொட்டுக்கு இந்தத் தலைவலி தெரிந்திருந்தது. இல்லாத பெறுமதியை முறையாகக் கையாளவேண்டும், பூச்சியத்தையோ வெற்று எழுத்தையோ அதற்குப் பதிலாக வைக்கக்கூடாது என்பது 1985இல் அவர் வெளியிட்ட விதிகளில் மூன்றாவது. பிறகு 1990இல் ஒரு நல் போதாது, இரண்டு குறிகள் வேண்டும் என்றார்: பொருந்தும், ஆனால் தெரியாது என்பதற்கு ஒன்று, பொருந்தவே பொருந்தாது என்பதற்கு ஒன்று. ஆச்சிக்கு ஒன்று, வாசிகசாலைக்கு ஒன்று. எஸ்கியூஎல் அந்தப் பக்கம் போகவில்லை, ஒரு நல்லோடு நின்றுவிட்டது. கேட்காமல் விட்டது, கேட்டும் கிடைக்காதது, எழுதக் கட்டம் கொடுக்காதது என்று எங்கள் பேரேட்டில் இன்னும் நாலைந்து உண்டு. இரண்டும் போதாது என்றுதான் அவரிடம் சொல்லவேண்டியிருக்கும்.

இன்னொரு கட்டம் இருந்தது. இறந்த திகதி.

அன்பளிப்புப் பட்டியலுக்கு உயிரோடு இருப்பவர்கள் மட்டும் வேண்டும். நான் இறந்த திகதி நல் ஆக இருப்பவர்களை எடுத்தேன். இது இயல்பான வழி, எல்லோரும் அப்படித்தான் எழுதுவோம். இறக்காத மனிதருக்கு அந்தக் கட்டம் பொருந்தாது, அதனால் வெறுமை. கடிதங்களை அச்சடித்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன். அவர் மடித்து உறையில் போடும்போது ஒன்றை வெளியே எடுத்து வைத்திருந்தார். நான் போனதும் அதைக் கையில் தந்தார். நீண்ட ஆயுளோடு வாழ வாழ்த்துகிறோம் என்ற வரி இருந்தது.

"இவர் 2007இல காணாமல் போனவர், தம்பி. மனிசி ஒவ்வொரு மாசமும் வந்து இவற்றை பேரிலதான் காசு கட்டுறவ. பேரை மாத்தச் சொல்லிக் கேட்டால் மாட்டன் எண்டுறா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்காவே சொன்னார், இறப்புச் சான்றிதழ் எடுக்கச் சொல்லி எத்தனையோ பேர் அந்த அம்மாவிடம் கேட்டுவிட்டார்களாம். 2016இல் சட்டத்தைத் திருத்தி, காணாமல் போனவர்களுக்கு இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக ஆள் காணப்படவில்லை என்று மட்டும் சொல்லும் ஒரு சான்றிதழைப் பெற வழி செய்தார்கள். அதையும் அவர் எடுக்கவில்லை. அந்தக் கட்டத்தில் இருந்த வெறுமையை நான் ஒரு நிபந்தனை வரியில் உயிரோடு இருக்கிறார் என்று வாசித்திருந்தேன். இன்னொருவர் எழுதியிருந்தால் வேறு மாதிரி வாசித்திருப்பார். அப்படி வாசிக்க அவருக்கும் எனக்கும் என்ன உரிமை? அந்தக் கடிதம் அந்த வீட்டு வாசலுக்குப் போயிருந்தால் என்று இப்போதும் நினைப்பதுண்டு. அக்கா அதைக் கிழித்து, கிழித்த துண்டுகளைத் தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அலுவலகக் குப்பைக் கூடையில் போடவில்லை.

தை பிறப்பதற்குள் புரோகிராமைத் திருத்தினேன். அந்த இரண்டு வரிச் சார்பை அழித்தேன். அழித்ததும் 112 இடத்திலும் சிவப்பு. ஒவ்வொன்றாகப் போய், இங்கே நல் வந்தால் என்ன அர்த்தம் என்று கேட்டு எழுதினேன். திகதிகளையெல்லாம் டேட்டைம் என்ற சொல்லுக்குப் பின் ஒரு கேள்விக்குறி போட்ட வகைக்கு மாற்றினேன். 2005இல் இருந்தே சி ஷார்ப்பில் இருக்கிற வசதி. கேள்விக்குறி போட்டுவிட்டால், உள்ளே பெறுமதி இருக்கிறதா என்று பார்க்காமல் வயது கணக்கிடும் வரியை நேரே எழுத முடியாது. ரீடரில் வாசிக்க முன் இஸ்டிபிநல் கேட்பது ஒரே இடத்தில் மட்டும் நடக்கிறது, அது மொழியின் நல்லைத் திருப்பித் தரும், பூச்சியத்தைத் தராது. பூச்சியம் உண்மையிலேயே சரி என்று ஐயா சொன்ன இடங்கள் 14. அவற்றில் எஸ்கியூஎல்லிலேயே, நல் என்றால் பூச்சியம் கொடு என்று கோலெஸ் போட்டு, ஏன் என்று பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்தேன். மற்ற இடங்களில் திரையில் 'பதிவில்லை' என்று வரும்.

வாசிகசாலைகளும் கழகங்களும் தனி அட்டவணைக்குப் போய்விட்டன. பிறந்த திகதிக்குப் பக்கத்தில் பிறந்த வருடம் என்று ஒரு கட்டமும், பேரேட்டில் உள்ளபடியே எழுத ஒரு குறிப்புக் கட்டமும் சேர்த்தேன். அங்கத்தவர் நிலைக்குத் தனிக் கட்டம். அதில் என்னென்ன தெரிவு வரவேண்டும் என்பதை நான் எழுதவில்லை. அக்காவும் ஐயாவும் இருந்து எழுதித் தந்தார்கள். ஆறு தெரிவுகள். கடைசியானது 'கேட்கவேண்டாம்'. அந்தத் தெரிவு உள்ளவர்களுக்குப் புரோகிராம் எந்தக் கடிதமும் அச்சடிக்காது, கணக்கு மட்டும் வழமைபோல் ஓடும்.

குறிப்புக் கட்டத்தைப் பார்த்த ஐயா, "தாரண எண்டால் 2004உம் தாரணதானே, அறுபது வருசத்துக்கு ஒருக்கா வருமெல்லோ. ஆச்சிக்கு இருபது வயசெண்டு வந்திடாதோ?" என்று கேட்டார். பேரேட்டில் ஆச்சி சேர்ந்த வருடம் 1976, ஐயா, என்றேன். திருப்திப்பட்ட மாதிரித் தெரியவில்லை. வருடத்தைப் பேனையால் 1944 என்று தாளிலும் எழுதிவைக்கச் சொன்னார்.

பொங்கலுக்கு முதல் நாள் ஆச்சி மகளின் மகனோடு முச்சக்கர வண்டியில் வந்து இறங்கினார். நான் பிரிண்டருக்கு மை மாற்ற அங்கே நின்றேன். அக்கா உறையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்கும்போது ஆச்சி தாளைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்தார்.

"என்ன மோனை, எண்பது எண்டு கிடக்கு? இவள் பிள்ளை ரண்டாயிரம் எண்டு சொன்னவள் எல்லோ?"